மருந்து, கொல்லம் 1098

ஜூன் 9, திங்கள்

மருந்து என்றால் மருந்துதான். இதைச் சொல்வதற்கு ஒரு கூட்டம், சுற்றி எட்டுப் பேர், நடுவில் ஒரு தட்டு முந்திரி பிஸ்கட்.

பல்கலைக்கழகத்தின் மரபு அறிவியல் மையம் என்னை ஆலோசகராக அமர்த்தியிருக்கிறது. அகராதித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இத்தனை ஆண்டுகளில் என் ஆலோசனை ஒருவருக்கும் தேவைப்பட்டதில்லை. இயக்குநர் திருமேனிநாதன் பொருளறிவியல்காரர், அதாவது மெட்டீரியல் சயின்ஸ். ஓலைச்சுவடியை அவர் 'சாம்பிள்' என்கிறார், நான் 'நூல்' என்கிறேன். இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் அதற்குப் பல்துறை ஆய்வு என்று பெயர்.

மலையடிவாரத்து ஜமீன் ஒன்றிலிருந்து மூன்று மரப்பெட்டி நிறையச் சுவடிக் கட்டுகள் வந்திருக்கின்றன. பெரும்பாலான கட்டுகளில் ஒரு மரச்சில்லு தொங்குகிறது. அதில் சூடு போட்டு எழுதிய ஒரே சொல் 'மருந்து'. கீழே கொல்லம் ஆண்டு 1098. நமது கணக்கில் சற்றேறக்குறைய நூறாண்டுக்கு முன்.

"மேடம், இந்த வேர்டுக்கு வேற மீனிங் ஏதும் இருக்கா? பேப்பர்ல போடணும்" என்றார் திருமேனிநாதன்.

"மருந்துன்னா மருந்துதான். வைத்தியச் சுவடி. இதுக்குப் போய் அகராதியைப் புரட்டணுமா?" என்றேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

சுவடி அறை எனக்குப் பிடித்திருக்கிறது. குளிர்சாதன வசதி உண்டு. கரப்பான் இல்லை, இராமபாணப் பூச்சி இல்லை, ஒரு பல்லிகூட இல்லை. என் வீட்டுப் புத்தக அலமாரி வெட்கித் தலைகுனிய வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

காஸ் சிலிண்டர் வரவில்லை. பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் மீன்குழம்பு கொடுத்தாள். உப்பு அதிகம். சொன்னேன். "வயசானா நாக்கு அப்படித்தான் காட்டும்மா" என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

நானும் செண்பகவடிவும் ஒரு மேசையில் எதிரெதிரே வேலை செய்கிறோம். அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். முனைவர் பட்டம் முடித்து மையத்தில் தற்காலிகப் பணியில் இருக்கிறாள். செப்டம்பரில் கண்காட்சி சிறப்பாக முடிந்தால் பணியை நிரந்தரமாக்குவதாகத் திருமேனிநாதன் வாக்களித்திருக்கிறார். வாக்களிப்பது அவருக்கு மூச்சுவிடுவது போல.

வேலை இதுதான். கட்டை அவிழ்த்து, ஓலைகளுக்கு இடையே படிந்திருக்கும் வெண்தூளை வடிவு தூரிகையால் தட்டி ஊதுகிறாள். பிறகு விரலால் எண்ணெய் தடவித் துடைத்து என்னிடம் தள்ளுகிறாள். நான் லென்ஸ் வைத்துப் படிக்கிறேன். தூள் என்னவென்று கேட்டதற்குச் சுண்ணாம்பாக இருக்கும் என்றார்கள். ஒருநாள் முழுவதும் தட்டினால் மேசை மாவரைக்கும் இடம்போல் ஆகிவிடுகிறது. மதியம் அந்த மேசையைத் துடைத்துவிட்டு அங்கேயே சாப்பிடுகிறோம். வெளியே வெயில் அப்படி.

படித்தவரையில் ஒரு சங்கடம். 'மருந்து' என்ற சில்லு தொங்கும் முதல் கட்டில் இருப்பது ஒரு கொள்ளைக்காரனின் கதைப்பாட்டு. இரண்டாவதில், கோயில் முதல் மரியாதை யாருக்கு என்ற வழக்கு. மூன்றாவது பெருக்கல் வாய்ப்பாடு. இதற்கிடையே, சில்லு இல்லாத கட்டுகளில் ஒன்று மட்டும் அசல் வைத்திய நூல். அதுவும் செல்லரித்துச் சல்லடையாகக் கிடக்கிறது.

திருமேனிநாதனிடம் சொன்னேன். அரை நிமிடம் யோசித்தார்.

"அப்ப பாட்டு பாடியே நோயைக் குணப்படுத்தியிருக்காங்க மேடம்! மியூசிக் தெரபி!"

"வாய்ப்பாடு?"

"அது... மெமரிக்கு."

வடிவு குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

மாலையில் பெட்டியின் அடியில் ஒரு பல்லி கிடைத்தது. காய்ந்து, எடையற்று, வாய் திறந்தபடி. குப்பையில் போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் ஒரு மணி நேரம். எழுந்தபோது பாதம் இரண்டும் மரத்திருந்தன. பிரசங்கத்தின் குற்றம்.

ஜூலை 11, வெள்ளி

வடிவு காலையிலிருந்து மூன்று முறை கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டை இழுத்தாள்.

"என்ன சாப்பிட்டே?"

"சாப்பாட்டால இல்ல மேடம்." சிரித்தாள். "தள்ளிப் போயிருக்குல்லா. நேத்துதான் பார்த்தோம். யார்ட்டயும் சொல்லிராதீங்க, மூணு மாசம் ஆகணும்னு எங்க அத்தை சொல்லுதாவ."

திருமணமாகி ஆறு ஆண்டுகள். நடுவே இரண்டு முறை கலைந்திருக்கிறதாம். அதையும் அவளாகத்தான் சொன்னாள், நான் கேட்கவில்லை. இந்த முறை எப்படியாவது தங்க வேண்டும் என்று குற்றாலம் போகும் வழியில் ஏதோ ஓர் அம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். எனக்கு அம்மன்களோடு பழக்கமில்லை. நாளை முதல் நாற்காலிக்கு ஒரு மெத்தை கொண்டுவருவதாகச் சொன்னேன்.

"வீட்ல சும்மா இருந்தா என்ன?"

"சும்மா இருந்தா வேற ஆளைப் போட்டுருவாங்க மேடம். இங்க ஏசி இருக்கு, உக்காந்த வேலை. இதைவிடப் பத்திரமா எங்க இருக்க முடியும்?"

ஜூலை 23, புதன்

பழுதாகிக் கிடந்த எக்ஸ்-கதிர்க் கருவி சரியாகிவிட்டது. சில்லு கட்டிய கட்டுகள் அனைத்திலும் பாதரசமும் ஆர்சனிக் எனும் பாஷாணமும் மிகுந்திருப்பதாகச் சொல்கிறது. திருமேனிநாதன் ஓடி வந்தார். இவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

"மேடம், நீங்க சொன்னது நூத்துக்கு நூறு கரெக்ட்! ரசம், பாஷாணம், ரெண்டுமே சித்த மருந்துச் சரக்கு. ஓலையையே மருந்துல ஊற வச்சிருக்காங்க. தொட்டாலே குணம்!"

அறிவியல் தமிழை உறுதிசெய்துவிட்டது. தமிழ் ஏற்கெனவே அறிவியலை உறுதிசெய்திருந்தது. எனக்கும் ஒரு நிறைவு இருந்தது என்பதை மறைப்பானேன். கண்காட்சிக்கு 'தொட்டால் தீரும்' என்று தலைப்பு வைக்கச் சொன்னது நான்தான்.

செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று திறப்பு. பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, ஆளுக்கு ஓர் ஓலை கொடுத்து, கரியும் எண்ணெயும் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்கச் சொல்லப் போகிறார்கள். எப்படித் தேய்ப்பதென்று வடிவு மேடையில் செய்துகாட்டுவாள்.

ஜூலை 30, புதன்

திருமேனிநாதன் இப்போதெல்லாம் வெள்ளைக் கையுறை அணிகிறார். புகைப்படத்தில் நன்றாக விழும் என்பதற்காக இருக்கலாம். சுவடி அறைக்குள்ளும் வருவதில்லை. வாசலில் நின்றே பேசிவிட்டுப் போகிறார். வேலைப்பளு என்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நான் உயிரோடிருக்கிறேன் என்று ஆண்டுதோறும் அரசுக்கு நிரூபிக்க வேண்டும். ஓய்வூதிய அலுவலகத்தில் கூட்டம். இயந்திரம் என் கைரேகையை ஏற்கவில்லை. வலக்கை, இடக்கை, கட்டைவிரல், சுண்டுவிரல், எதையும் ஏற்கவில்லை.

"கையை நல்லாத் தொடச்சிட்டு வைங்கம்மா" என்றான் குமாஸ்தா.

"தொடைச்சாச்சு."

என் விரல்களைத் திருப்பிப் பார்த்தான். "ரேகையே இல்லியேம்மா. தோலு தடிச்சுப்போயி உரியுதே. பாத்திரம் நிறைய தேய்ப்பீங்களோ?"

"நாற்பது வருஷம் அகராதி தேய்ச்சேன்."

பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "எனக்கும் போன வருஷம் விழலை. ஆள் செத்தாச்சுன்னு பென்ஷனை நிறுத்திட்டான். கண்ணைக் காட்டுங்க தாயி, கண்ணுக்கு விழும்" என்றார். கண்ணுக்கு விழுந்தது, மூன்றாவது முறையில். புரை முற்றுகிறது போலும். லென்ஸில்கூட எழுத்துகளின் விளிம்பு கலங்குகிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வடிவுக்கு முடி கொட்டுகிறது. இன்று அவள் தலைவாரிய சீப்பைக் காட்டினாள். கொசுறு மல்லிக்கட்டு அளவுக்கு இருந்தது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதாகவும் சொன்னாள்.

"டாக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேனே. உண்டாயிருக்கையில அப்படித்தான் இருக்கும், சத்து குறைவுன்னு இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருக்காவ. இது என்னன்னு பாருங்களேன்."

கையை நீட்டினாள். பத்து நகங்களிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. நகக்கண்ணுக்குச் சற்று மேலே, ஒரே உயரத்தில், எழுத்தாணியும் அடிக்கோலும் கொண்டு இழுத்ததுபோல.

"சத்துக்குறைவுதான்" என்றேன். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து என் நகங்களைப் பார்த்தேன். இந்த வயதில் நகத்தில் என்னென்னவோ வரும். அவளுக்குக் கர்ப்பம், எனக்கு வயது. காரணம் தயாராக இருக்கும்போது இன்னொன்றை ஏன் தேட வேண்டும்?

செப்டம்பர் 1, திங்கள்

மாலையில் கொடியில் காயப்போட்ட புடைவை காற்றில் பறந்து இசக்கியம்மாள் வீட்டுப் பின்கட்டில் விழுந்தது. எடுக்கப் போனேன். விறகு அடுக்கின் மூலையில் ஒரு கொட்டாங்கச்சியில் பொரிகடலை உருண்டைபோல் ஏதோ இருந்தது. புடைவையின் முந்தானை அதன்மேல் கிடந்தது.

"ஐயையோ, எம்மா, அதைத் தொட்டிராதீய!" அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே வந்தாள். "மருந்து வச்சிருக்கேன்!"

"என்ன மருந்து?"

"என்ன மருந்தா? எலி கெடந்து உருட்டுதுல்லா. போன வருஷம் வச்சதுல ஒரு வருஷத்துக்கு எட்டிப் பாக்கலை. இப்பம் மறுபடி வந்திருக்கு, அதான் மறுபடி வச்சிருக்கேன். என்ன அப்படி முழிக்கிய? படிச்சவுகளுக்கு மருந்துன்னா தெரியாதாக்கும்?"

புடைவையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

பயிருக்கு மருந்து அடிக்கிறார்கள். எலிக்கு மருந்து வைக்கிறார்கள். கடன்பட்டவன் மருந்து குடித்துச் சாகிறான். இவை அனைத்தையும் நான் அகராதியில் மூன்றாம் பொருளாக, என் கையால், எழுதி வைத்திருக்கிறேன். ஓலை என்றதும் முதற்பொருளோடு நின்றுவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வடிவு வருவதற்கு முன்பே போய்ச் சில்லுகளை மட்டும் பார்த்தேன். ஓலைகளை எழுதிய கைகள் வெவ்வேறு, காலங்கள் வெவ்வேறு. ஆனால் எல்லாக் கட்டிலும் ஒரே 1098. சிலவற்றில் அதன் கீழே இன்னோர் ஆண்டு, 1104. ஒரு நூலை இரண்டு முறை எழுதி முடிக்க முடியாது. ஆனால் பூச்சி திரும்ப வந்தால் மருந்தை இரண்டு முறை வைக்க முடியும்.

சில்லு இல்லாத கட்டுகளை அரித்த பூச்சி, சில்லு உள்ளவற்றைத் தொடவே இல்லை. பூச்சிக்கு மூன்றாம் பொருள் தெரிந்திருக்கிறது.

வடிவு வந்தாள். மெத்தையைச் சரிசெய்து உட்காரப் போனாள்.

"உட்காராதே. கையைக் கழுவு. சோப்புப் போட்டு."

"என்ன மேடம்?"

சொன்னேன். எனக்கு நயமாகச் சொல்ல வராது. பூச்சிக்கொல்லி என்றேன், பாஷாணம் என்றேன், நீ ஊதியதெல்லாம் அதுதான் என்றேன். அவள் என்னைப் பார்க்காமல் தன் நகங்களைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை நான்தானே செஞ்சு காட்டணும்" என்றாள். பிறகு அந்தக் கை தானாகவே வயிற்றுக்குப் போனது. பாதியில் நின்றது. வயிற்றைத் தொடாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரத்தமும் சிறுநீரும் எடுத்திருக்கிறார்கள். வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டுமாம்.

செப்டம்பர் 3, புதன்

திருமேனிநாதன் குறுக்கிடாமல் கேட்டார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. புதிய செய்தியைக் கேட்பவர் குறுக்கிடுவார்.

"ட்ரேஸ் லெவல்தான் மேடம். நூறு வருஷம் ஆச்சு. வெள்ளிக்கிழமை ஃபங்ஷன் முடியட்டும், அப்புறம் ஒரு கமிட்டி போடுவோம்."

"நீங்க எப்ப கையுறை போட ஆரம்பிச்சீங்க?"

"அது... ஸ்டாண்டர்ட் புரோட்டோகால்."

"எங்களுக்கு ஏன் தரலை?"

"எண்ணெய் தேய்க்கும்போது டச் போயிடும்னு வடிவுதான் சொன்னாங்க."

"அவள்ட்ட சும்மா கேட்டீங்களா, இல்லை எதுக்குன்னு காரணம் சொல்லிக் கேட்டீங்களா?"

மேசையிலிருந்த அழைப்பிதழ்க் கட்டை நேராக்கினார். "தலைப்பு நீங்க வச்சதுதானே மேடம்?" என்றார், மிகவும் மரியாதையாக.

துணைவேந்தரைச் சந்திக்க முயன்றேன். சென்னையில் இருக்கிறாராம், திறப்பு விழாவுக்குத்தான் வருவாராம்.

செப்டம்பர் 4, வியாழன்

வடிவு வரவில்லை. நாளை செய்துகாட்ட வேறொரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டார்கள். சிரித்த முகம். கையில் மருதாணி.

செப்டம்பர் 5, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

அரங்கில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு தட்டு, தட்டில் ஓர் ஓலை, ஒரு கிண்ணம் எண்ணெய், கரித்தூள். சொல்லும்வரை தொடக்கூடாது என்று ஆசிரியை அதட்டிக்கொண்டிருந்தாள். முன்வரிசைப் பையன் ஒருவன் அதற்குள் எண்ணெயில் விரலைத் தொட்டு முகர்ந்தான். "ஏலே, மண்ணெண்ணெ வாடைலே" என்று பக்கத்திலிருப்பவனுக்கும் முகரக் கொடுத்தான்.

துணைவேந்தர் வந்தார். குத்துவிளக்கு, வரவேற்பு, பொன்னாடை. திருமேனிநாதன் பேசினார். முன்னோர்கள், மருந்து, தொட்டாலே குணம். பேச்சின் நடுவே என்னைக் காட்டி, இந்தச் சொல்லுக்குப் பொருள் தந்தவர் என்றார். கைதட்டினார்கள். எழுந்து நின்றேன். மேடைவரை நடந்தேன். பாதம் எங்கே படுகிறதென்று பார்த்துப் பார்த்து வைத்தேன். ஒலிவாங்கியை நான் கேட்கவில்லை. அவர் கொடுத்துவிட்டார்.

"பிள்ளைகளே, யாரும் எதையும் தொடாதீங்க. கையை மடியில வைங்க" என்றேன். வைத்தார்கள். அகராதிக்கு வருமுன் வகுப்பெடுத்த காலத்துக் குரல் வேறெதற்கும் பயன்படாவிட்டாலும் இதற்குப் பயன்பட்டது.

பிறகு தட்டிலிருந்து ஓர் ஓலையை எடுத்துத் திருமேனிநாதனிடம் நீட்டினேன்.

"தொட்டால் தீரும்னு சொன்னீங்க. கையுறையைக் கழற்றிட்டு, இதைத் தொட்டு, விரலை நாக்குல வைங்க. மருந்துதானே?"

சிரித்தார். சபையும் சிரித்தது. நான் ஓலையை இன்னும் சற்று நீட்டினேன். அவர் ஓர் அடி பின்னால் போனார். குத்துவிளக்கு அவர் முதுகில் இடித்து ஆடியது. அப்போது சிரிப்பு நின்றது.

துணைவேந்தர் மந்தமானவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியில்லை. அவர் ஓலையைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. திருமேனிநாதனின் கையுறையைப் பார்த்துக்கொண்டே எழுந்தார். "பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றார்.

எல்லோரும் குழாயடியில் வரிசையாகக் கை கழுவினார்கள். மண்ணெண்ணெய்ப் பையன் இரண்டு முறை. நான் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அந்த ஓலையை நான் வெறுங்கையால் பிடித்திருந்தேன். பழக்கம்.

செப்டம்பர் 19, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. ரசம், பாஷாணம் இரண்டும் இருக்கின்றன, இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு. அறையைவிட்டு விலகியதால் தாய்க்கு மெல்லக் குறையும் என்றார் மருத்துவர். இளம் பெண், பேச்சில் பூசிமெழுகல் இல்லை, எனக்குப் பிடித்திருந்தது.

"பிள்ளைக்கு?" என்றாள் வடிவு.

"ஸ்கேன்ல இப்போதைக்கு நல்லாத்தான் இருக்கு. இது நஞ்சுக்கொடியைத் தாண்டுற சமாச்சாரம். பிறந்து வளர வளரத்தான் முழுசாத் தெரியும்மா."

வடிவின் கணவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடிவு என்னைப் பார்த்தாள்.

"நஞ்சுக்கொடின்னு யாரு மேடம் பேரு வச்சா?"

எனக்கு விடை தெரியும். சொல்லவில்லை.

"அதே அறையில வேற யாரெல்லாம் இருந்தீங்க?" என்றார் மருத்துவர். கைப்பையை மடியில் வைத்து, கைகளை அதன் அடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு வயது என்றேன். அவர் விடவில்லை. இரத்தம் கொடுத்தேன். முடிவை வாங்க வர எனக்கு நேரம் இருக்காது. காஸ் சிலிண்டருக்காக வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

விசாரணைக் குழுவின் அறிக்கை. 'சொற்பொருள் விளக்கத்தில் நேர்ந்த குழப்பம்.' மூன்று இடத்தில் என் பெயர், மூன்றிலும் எழுத்துப்பிழை இல்லை. கையுறை ஓரிடத்திலும் இல்லை. திருமேனிநாதன் வேறொரு துறைக்குப் போகிறார், பதவி உயர்வோடு. சுவடி அறைக்குப் பூட்டுப் போட்டு வெளியே 'பராமரிப்புப் பணி' என்று எழுதியிருக்கிறார்கள். மறுபடியும் பொருள் தெரியாத ஒரு சில்லு.

மாடிப்படி ஏறுவதை நிறுத்திவிட்டேன். மாடியில் எனக்கு வேலையும் இல்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

வடிவுக்குப் பெண் குழந்தை, புதன்கிழமை. இரண்டே கால் கிலோ. அழுகிறது, பால் குடிக்கிறது.

இசக்கியம்மாள் கைப்பிடித்து அழைத்துப் போனாள். எனக்கு அது தேவையில்லை. அவளுக்குக் குழந்தையைப் பார்க்கும் ஆசை.

வடிவின் தலையைத் தடவினேன், முடி குட்டையாக, அடர்த்தியாக முளைத்திருக்கிறது. நகக்கோடு வளர்ந்து நுனிக்கு வந்து, போன மாதமே வெட்டி எறிந்துவிட்டாளாம். அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னாள்.

"மேடம், லென்ஸ் வச்சிருக்கீங்கல்லா?"

கைப்பையில் எப்போதும் இருக்கும்.

"இவ நகத்தைப் பாருங்களேன். எல்லாரும் ஒண்ணுமில்லங்காவ. நீங்க பார்த்துச் சொன்னா நம்புவேன். நீங்கதான் பொய் சொல்ல மாட்டீங்க."

குழந்தையின் கையை விரித்துப் பிடித்தாள். தொட்டால் ஒவ்வொரு நகமும் அரிசிக் குருணையளவு. லென்ஸை வைத்துக் குனிந்தேன். இசக்கியம்மாள் ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சம் காட்டினாள். பத்து விரலுக்கும் நேரம் எடுத்துக்கொண்டேன்.

"என்ன மேடம், ஏதாச்சும் எழுதியிருக்கா?"

"ஒண்ணும் எழுதலை. வெற்று ஓலை" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையணையில் சாய்ந்தாள். பொங்கலுக்குப் பிறகு அந்த லென்ஸில் எனக்கு வெளிச்சத்தைத் தவிர வேறெதுவும் தெரிவதில்லை; இதை எழுதுவதும் கைப்பழக்கம்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. இசக்கியம்மாளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். திரும்பும் வழியெல்லாம் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள்.